அம்மியின் அடிப்பக்கம்

நான் சரித்திரம் நடத்த வேலைக்குச் சேர்ந்தபோது சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. வாயும் கோபமும் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு உரியவை என்று தலைமையாசிரியர் சொல்வார். புத்தகத்தை வரிவரியாக வாசிக்கவைத்து மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு ஆகாது. எழுதியவர் எதைப் பார்த்து எழுதினாரோ அதைப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஓலை, பத்திரம், வரி ரசீது, கொழும்பிலிருந்து வந்த பழைய கடிதம் என வீட்டில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவரச் சொல்வேன். "டீச்சரே, இது வகுப்பா, பழைய சாமான் கடையா?" என்று தலைமையாசிரியர் கேட்பார். கேட்டுவிட்டு, அவரும் ஓரமாக நின்று பார்ப்பார்.

ஒருநாள் பள்ளியிறுதி வகுப்பான ஆறாம் பாரத்துப் பெண்களுக்கு அசல் ஆவணம் என்றால் என்ன என்று காட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையே தூக்கிக்கொண்டு போனேன். கூடி நின்று அவரவர் பெயரைத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி கத்தினாள்.

"ஏட்டி, நம்ம பாதிப்பேரு ஒரே நாளுல்லா பிறந்திருக்கோம்!"

"அந்த மருத்துவச்சிக்கு அன்னைக்குச் சோறு தின்ன நேரம் கிடைச்சிருக்காது" என்றாள் இன்னொருத்தி.

விஷயம் இதுதான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு, பள்ளி திறந்த நாளிலிருந்து ஐந்து வருடம் பின்னால் எண்ணி எழுதிவிடுவார்கள். பிள்ளை மெலிந்திருந்தால் வயது குறையும், கொழுகொழுவென்று இருந்தால் கூடும். அடுத்த கூச்சல் அதைவிடப் பெரிது. கடைசி பெஞ்சில் இருந்த ஒல்லியான பெண்ணுக்கும், கீழ் வகுப்பில் படித்த அவள் தங்கைக்கும் பதிவேட்டில் நான்கு மாதம்தான் இடைவெளி!

எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஜையை ஓங்கித் தட்டினேன். "பாத்தியளா பிள்ளைகளா! அசல்னு நம்பினதே பொய் சொல்லுது. கையில கிடைச்ச உடனே நம்பக்கூடாது. யாரு எழுதினா, எப்போ எழுதினா, எதுக்கு எழுதினான்னு கேக்கணும்." வகுப்பே ஆரவாரம் செய்தது. இதைவிட நல்ல பாடம் என் ஆயுளுக்கும் கிடைக்காது என்று பூரித்துப்போனேன்.

அந்த ஒல்லிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகு என்னிடம் வந்தாள். வயது போதாது என்று அவளுடைய இறுதித் தேர்வு விண்ணப்பம் அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்தது. அப்பா மயிலாடியில் கல் கொத்தியவர், அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் இறந்துபோனார். இப்போது குடும்பத்தைப் பார்ப்பது தாய்மாமன். இந்த வருடம் பரீட்சை எழுதினால் சரி, இல்லையென்றால் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று. நான் மேஜையைத் தட்டிக் கொண்டாடிய பொய், இவள் படிப்பையே விழுங்கப் பார்த்தது. வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். ஜாதகம் இல்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவள் அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு அடுக்களையைக் காட்டினாள்.

"இவ பிறந்த அன்னைக்கு அவரு வீட்டுக்கே வரல்ல டீச்சரம்மா. பொம்பளப் பிள்ளைன்னு கோவம்னு ஊரே சொல்லிச்சு. மறுநாளு இந்த அம்மியக் கொண்டுவந்து பதிச்சாரு. அடியில ஏதோ எழுத்து கெடந்து. எனக்கு வாசிக்கத் தெரியாதே. பள்ளிக்கூடத்துல இவள சேத்ததும் நாந்தான், தேதி கேட்டப்போ சொல்லத் தெரியல்ல."

மறுநாள் சனிக்கிழமை. கடப்பாரையோடு வகுப்பில் பாதிப்பேர் அந்த அடுக்களைக்குள் புகுந்துவிட்டோம். தரையோடு பதித்து மண் பூசிய அம்மி, அத்தனை வருடமும் அசையாமல் கிடந்தது. நெம்பிப் புரட்டியதும் கரப்பான்கள் நாலாபக்கமும் ஓட, பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்வாங்கி, உடனே திரும்பி வந்து குனிந்தார்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்து, அரிசிமாவைக் குழைத்துப் பூசி, துணியால் துடைத்தோம். எழுத்துப் பள்ளங்களில் மட்டும் மாவு நின்றது. கொல்லம் ஆண்டு, மாதம், தேதி. கீழே: முதல் மகள் வந்த நாள். அவளுக்கு.

அவள்தான் வாய்விட்டு வாசித்தாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தினமும் இதிலதானே தேங்கா அரைச்சேன். ஒரு வார்த்தை சொல்லல்லியே அந்த மனுஷன்" என்றாள்.

நாங்கள் கணக்குப் போட்டோம். கொல்லம் ஆண்டோடு எண்ணூற்று இருபத்துநான்கைக் கூட்டி ஆங்கில வருடமாக்கி, அந்த மாதத்துக்கு ஒன்றைக் கூட்டுவதா வேண்டாமா என்று சண்டை போட்டு, மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்த்தோம். தேர்வுக்கு வயது தாராளமாகப் போதும்! அந்த அடுக்களையில் நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஏதோ துக்கம் என்று ஓடி வந்துவிட்டார்கள்.

எழுத்தின் மேல் காகிதம் விரித்து, கரியால் தேய்த்துப் படி எடுத்து, மனுவோடு நாகர்கோவில் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. நகல் ஏற்கப்படாது, அசலை நேரில் சமர்ப்பிக்கவும். படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே பொறுக்கியெடுத்து நீவி வைத்தேன். அசல்தானே வேண்டும்? கொண்டுவருகிறோம்.

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அம்மியை ஏற்றினோம். நான், அவள், அவள் அம்மா, அவள் அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர். வழி நெடுக, "எந்த வீட்டுக் கல்யாணச் சீரு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கல்யாணத்தைத் தடுக்கப் போகிற சீர் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அலுவலகத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் குமாஸ்தா, "மேசைமேல வைக்காதீங்கோ!" என்று அலறினார். தரையில் புரட்டி வைத்தோம். அதிகாரி வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது போன மாசம் கொத்தினதல்லன்னு எனக்கு எங்ஙனே தெரியும்?"

நல்ல கேள்வி. என் வகுப்பில் நானே கேட்கச் சொல்லும் கேள்வி. உளித்தடம், தேய்மானம், பள்ளத்தில் ஊறிப்போன மண்கறை என்று நான் ஒரு பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"சார், ரிஜிஸ்டரு எல்லாரும் பாக்கதுக்கு உள்ளது. அதுலயே நானும் எந்தங்கச்சியும் நாலு மாச வித்தியாசத்துல பிறந்திருக்கோம். அம்மிக்க அடிய யாரு பாப்பா? ஒருத்தரும் பாக்காத எடத்துல எங்கப்பா எதுக்குப் பொய் கொத்தணும்?"

நான் பிரசங்கத்தை விழுங்கிவிட்டேன். அதிகாரி நான் கொண்டுவந்திருந்த பதிவேட்டு நகலை வாங்கி இரண்டு பெயர்களையும் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தி, விரலை எழுத்துகளின் மேல் ஓட்டி, மெல்ல வாசித்தார். கடைசிச் சொல்லை இரண்டு முறை வாசித்தார்.

"தேதிய திருத்து" என்றார் குமாஸ்தாவிடம்.

"ஆதாரம்னு என்ன எழுதட்டும் சார்? இத ஃபைல்ல வைக்க முடியாதே."

"அசல் பார்வையிடப்பட்டது. அத்தனைதான்." அவர் எழுந்து அவள் பக்கம் திரும்பினார். "பரீட்சை நல்லா எழுதணும் மக்கா."

விண்ணப்பம் திரும்பிய நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அங்கேயே அந்தக் கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். கோபக்காரி என்று பெயர் வாங்கிய நானும் அத்தனை பேர் முன்னால் அழுதேன்.