அம்சவல்லி கூடை தூக்கிய நாள்

அம்சவல்லியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அவளைப் பற்றி எழுத வேறு யாரும் வரப்போவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும்.

அவளுக்கும் எனக்கும் வயது நாற்பத்தாறு. கேமரன் மலையில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லைன் வீட்டு வரிசையில், ஒரு சுவர் தள்ளிப் பிறந்தவர்கள். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒன்றாகக் கொழுந்து வெட்டப் போவார்கள். நான் படித்து ஆசிரியையாகிக் கீழே கிள்ளான் பட்டணத்துக்கு இறங்கிவிட்டேன். அவள் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவின் கத்தரியைக் கையில் எடுத்தாள். தையற்கடைக் கத்தரி இல்லை இது. முழங்கை நீளத்துக்கு அலகு இருக்கும், வெட்டிய இலை விழுவதற்கு மேலே ஒரு தட்டு இருக்கும். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் மலையில் கத்தரிதான். முதுகில் கூடை கட்டிக்கொண்டு, இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரலால் கிள்ளுகிற பெண்களை நாங்களும் டீத்தூள் டப்பாவின் மேல்தான் பார்த்திருக்கிறோம்.

பிறகு மெஷின் வந்தது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, செடி வரிசையின் தலைமேல் அதை நடத்திப் போக வேண்டும். வெட்டிய கொழுந்து பின்னால் இழுபட்டு வரும் நீளப் பைக்குள் போய் விழும். கைப்பிடியை ஆண்களுக்கும் பையைப் பெண்களுக்கும் கொடுத்தார்கள். அம்சவல்லி இரண்டு வருடம் பை பிடித்தாள். ஒருநாள் மெஷின்காரர் ஒருவர் காய்ச்சலோடு வந்து பாதி வரிசையில் உட்கார்ந்துவிட, இவள் போய்க் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள்.

"பொம்பள தூக்குற சாமானா இது, வையி கீழ" என்று கங்காணி கத்தினார். அவள் வைக்கவில்லை. வரிசையை முடித்துவிட்டு, "பையப் பாருங்க, தண்டு கிண்டு இருந்தா சொல்லுங்க, வச்சிடுறேன்" என்றாள். அவர் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை ஓட்டட்டும் என்று விட்டார். ஒன்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மறுபக்கம் பிடிப்பவள் குமுதா, இவளைவிடப் பத்து வயது சின்னவள். தோட்டத்தில் பெண்கள் மட்டும் ஓட்டுகிற மெஷின் அது ஒன்றுதான். பிளேடு தீட்டுவதும் பிளக் மாற்றுவதும் அம்சவல்லியேதான், வேறு யாரையும் தொட விடமாட்டாள். என் அம்மா இறந்து நான் மலையேறிப் போனபோது, கட்டிப்பிடித்து அழுது முடித்த கையோடு என்னை ஸ்டோருக்குக் கூட்டிப்போய் மெஷினைக் காட்டினாள். எனக்கு அப்போது எரிச்சலாக வந்தது. அவளுக்குக் காட்டுவதற்கு வேறு யாரும் இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

இனி என் கதை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில் யாரோ யாரையோ "எஸ்டேட்டு புத்தி" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்க எந்த ஊரு டீச்சர் என்று கேட்டபோது, பிரிஞ்சாங் டவுன், அப்பாவுக்குக் கடை என்று சொன்னேன். என் அப்பா தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த டவுனில் கடைவாசலில் நின்றதுண்டு, கடை வைத்ததில்லை. சொன்னது சொன்னதுதான். அதன்பிறகு அதைக் கட்டிக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிப் போனது.

போன வருடம் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மெய்நிகர் கல்விச் சுற்றுலா நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியர் ராதாகிருஷ்ணன் சொன்னார். பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க, திரையில் ஊர் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அருங்காட்சியகம், விலங்குத் தோட்டம் என்று இணையத்தில் கிடைத்ததைப் போட்டுக்காட்டினார்கள். எனக்குத்தான் பெயர் வாங்கும் ஆசை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தை நேரலையில் காட்டுகிறேன் என்றேன். "அங்க தெரிஞ்சவங்க ஒருத்தவங்க இருக்காங்க சார்" என்றேன். ஒருத்தவங்க. தெரிஞ்சவங்க. ஒரே தட்டில் சோறு தின்றவளை அப்படித்தான் சொன்னேன்.

போனில் கேட்டதும் அம்சவல்லி உடனே ஒத்துக்கொண்டாள். "மெஷின் காட்டலாமாடி?"

"மொதல்ல சேலை கட்டிக்கிட்டுக் கூடையோட கொழுந்து கிள்ளு. கடைசியில மெஷின் காட்டலாம்."

"கூடையா? எங்கிட்ட ஏதுலா கூடை? நான் கையால கிள்ளுனதே இல்லையே."

"பாடத்துல படம் அப்படித்தான் இருக்கு. பிள்ளைங்களுக்கு அதுதான் தெரியும். இலாகா அதிகாரி வேற வராரு."

"சரி, நீ சொன்னா செய்றேன். ஆனா மெஷின் கண்டிப்பா காட்டணும் நீலா. நான் ஓட்டுறத எங்க வீட்டு ஆளே வந்து பாத்ததில்ல. ஸ்கூல் பிள்ளைங்க இருபது முப்பது பேரு பாக்குறாங்கன்னா அது எனக்குப் பெருசுதானே" என்றாள்.

சத்தியமாகக் காட்டுகிறேன் என்று சொன்னேன். சத்தியம் என்ற வார்த்தையையே சொன்னேன், நன்றாக நினைவிருக்கிறது.

கூடையை அவள் புருஷன் மகேன் கொண்டுவந்தான். கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுபவன். சுற்றுப்பயணிகள் முதுகில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதற்காகப் பிரிஞ்சாங்கில் ஒரு கடையில் வைத்திருந்ததை இரவல் வாங்கி வந்திருந்தான். மேனேஜரிடம் அனுமதியும் அம்சவல்லியே வாங்கிவிட்டாள். போனுக்குச் சிக்னல் கிடைப்பது ரோட்டோரத்து வரிசையில் மட்டும்தான். அந்த வரிசையை அதற்கு முந்தின வாரம்தான் வெட்டியிருந்தார்கள். கிள்ளுவதற்கு அங்கே கொழுந்தே இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள், தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து வந்த அதிகாரி. திரையில் சிவப்புச் சேலையில் அம்சவல்லி. சேலைக்குக் கீழே வேலைக்குப் போடும் காற்சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள். குமுதா கையில் போனைப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் கையசைத்தார்கள், அம்சவல்லியும் அசைத்தாள். நான் பாடக்குரலில், "பாருங்கள் மாணவர்களே, நம் முன்னோர் வழிவந்த முறையில் இவர் கொழுந்து பறிக்கிறார்" என்றேன். அவள் முற்றிப்போன இலைகளாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தோளுக்குப் பின்னால் போட்டாள். பாதி கூடைக்குள் விழவில்லை. பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அதிகாரி தலையாட்டிக்கொண்டே படம் எடுத்தார்.

அன்பரசி என்ற மாணவி எழுந்து, "ஆன்ட்டி, ஒரு நாளைக்கு எத்தனை கூடை பறிப்பீங்க?" என்று கேட்டாள்.

அம்சவல்லி போனைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவளைப் பொய்க்குள் நிறுத்திவிட்டு நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே நின்றிருந்தேன். "அது... கொழுந்தப் பொறுத்தும்மா" என்றாள்.

"கை வலிக்காதா?"

"வலிக்கும்மா" என்றாள். அது நிஜம். அதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "சரி பிள்ளைங்களா, இப்ப நான் நெசமா பாக்குற வேலையக் காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகினாள். காற்சட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "சிரிக்காதீங்கலா. உங்க டீச்சருக்கு எல்லாம் தெரியும். உங்க டீச்சர யாருன்னு நெனச்சீங்க, இந்த லைன்லதான் எங்க வீட்டுக்கு..."

என் கை கணினியின் கேபிளைப் பிடுங்கிவிட்டது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். திரை நீலமானது. எங்கள் பக்கத்து மைக்கையும் கேமராவையும் அணைத்து, ஒலியையும் தணித்துவிட்டு, "மலையில லைன் கட்டாயிடுச்சு மாணவர்களே" என்றேன். அதிகாரி, "கேமரன்ல எப்பவும் இப்படித்தான் டீச்சர், நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். ஓய்வு நேர மணியும் அடித்தது. பிள்ளைகள் திடலுக்கு ஓடினார்கள். நாங்கள் மூன்று பேரும் கேண்டீனில் கறிபாப் சாப்பிட்டோம். தலைமையாசிரியர் என்னைப் பாராட்டி நாலு வார்த்தை பேசினார். நான் கைகூப்பி நன்றி சொன்னேன்.

கால்மணி நேரம் கழித்துக் கணினியை மூட வகுப்புக்கு வந்தேன். அம்சவல்லி பேசிக்கொண்டிருந்தாள்.

கணினியில் இணைப்பு அறுபடவே இல்லை. திரைக்குப் போகும் கேபிளைத்தானே பிடுங்கினேன். சேலையை அவிழ்த்து மடித்துச் செடிமேல் வைத்துவிட்டு, காற்சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக நின்றிருந்தாள். போனை எதன்மேலோ சாய்த்து வைத்திருந்தார்கள். "அவங்க படமே வரலக்கா" என்று குமுதாவின் குரல் கேட்டது. "நம்ம படம் அவங்களுக்குப் போவும்லா, நீ அந்தப் பக்கம் பிடி" என்றாள் இவள். இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கிச் செடிமேல் வைத்து முடுக்கினார்கள். வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத அந்த வரிசையில் முழுதும் நடந்து காட்டி, திரும்பி வந்து நிறுத்தினார்கள். பிளேடைக் காட்டினாள், பையைக் காட்டினாள். மூச்சு வாங்க, "பொம்பளப் பிள்ளைங்க நல்லாப் பாத்துக்குங்க, இத ஆம்பளதான் தூக்கணும்னு ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு போனுக்குக் கிட்டே வந்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிள்ளைகளின் சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. கேபிளைச் செருகி, நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால் போதும். அதுகூட வேண்டாம், மைக்கைத் திறந்து நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கணினியை மூடினேன்.

சாயங்காலம் போன் செய்தாள். "கேள்வி ஒண்ணும் வரலையே நீலா, லைன் போயிடுச்சா?"

"ஆமாடி, கடைசியில போயிடுச்சு."

"மெஷின் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அசந்து போயிட்டாங்க."

பக்கத்தில் இருந்த குமுதாவிடம், "பாத்துட்டாங்களாம்" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

அத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அறிக்கையில் சேர்ப்பதற்காகப் பிள்ளைகளை ஆளுக்கொரு படம் வரையச் சொன்னார் தலைமையாசிரியர். நகல் எடுத்தபின், அசலை அந்த அம்மாவுக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். நல்ல மனிதர். அம்சவல்லிக்கும் போன் போட்டு அவரே சொல்லிவிட்டார். அவள் லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பள்ளி விடுமுறைக்கு முந்தின நாள், நானே உட்கார்ந்து, பதினொரு வயதுப் பிள்ளையின் கைபோல ஒரு மெஷினை வரைந்து பார்த்தேன். நடுவில் சொருகிவிடலாம் என்றுதான். பக்கத்தில் இரண்டு பெண்களையும் போட்டேன். பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. கிழித்துப் போட்டேன். அந்த மட்டுக்காவது எனக்கு வெட்கம் மிச்சம் இருந்திருக்கிறது.

மலையேறிப் போனேன். அம்சவல்லி சமையற்கட்டு மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். குமுதா வந்திருந்தாள். படங்களை வாங்குவதற்கு முன்னால் அம்சவல்லி சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பச்சை மலை, சிவப்புச் சேலை, கூடை. அடுத்ததும் கூடை. ஒரு பிள்ளை கூடையை ஆளைவிடப் பெரிதாகப் போட்டிருந்தது, அதற்குச் சிரித்தாள். பாதிக்கு மேல் அவள் கை மெதுவாகிவிட்டது. இருபத்தெட்டும் முடிந்ததும் தட்டி அடுக்கி, முதல் படத்திலிருந்து மறுபடியும் புரட்டினாள். எனக்கு அந்த நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"மெஷின் எங்கக்கா?" என்றாள் குமுதா.

"மெஷின் வரையிறது செரமம்லா" என்றாள் அம்சவல்லி. "அத்தன பல்லு, அத்தன கம்பி. சின்னப் பிள்ளைங்களுக்கு எப்படி வரும்? கூடைன்னா ஒரு வட்டம் போட்டாப் போச்சு." பிறகு என்னைப் பார்த்து, "இல்லையாடி?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. பிள்ளைகளை யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது. சொல்லிவிட எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"ஆமாடி, கஷ்டம்தான்" என்றேன்.

அவள் அன்பரசி வரைந்த படத்தை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது நல்லா இருக்கு, சாமி படத்துக்குப் பக்கத்தில ஒட்டு என்று என்னிடம் கொடுத்தாள். நான் நாற்காலிமேல் ஏறி நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன்.