லைனருக்கு நான் ஒட்டிய சிவப்புச் சீட்டு

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதகன். மெஷின் ஷாப்பிலிருந்து வரும் எதையும் சரியாக இருக்கும் என்று நம்பிக் கையில் எடுக்கக் கூடாது. துளையின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு, மேலே ஒரு அளவு, நடுவே ஒரு அளவு, கீழே ஒரு அளவு பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டிக் கழித்துவிட வேண்டும். அதைச் செய்தவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. இதே புத்தியோடு வீட்டுக்கும் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் கம்பெனிக்கு ஒரு கிரைண்டிங் மெஷினை நிறுவ வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் வந்து ஆறு மாதம் தங்கினார். பொழுது போவதற்காக முழங்கை நீளத்துக்கு ஒரு ரேடியோ பக்கி, அதாவது ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார், கொண்டு வந்திருந்தார். பேட்டரி பொம்மை இல்லை. உள்ளே நிஜமான எஞ்சின். மெத்தனாலும் நைட்ரோவும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும். கயிற்றைச் சுண்டி இழுத்தால் உயிர் வந்து, தெரு நாய்கள் எல்லாம் ஓடிப் போகிற மாதிரி அலறும். போகும்போது அதை எனக்கும் டூல் ரூமில் லேத் ஓட்டும் டர்னர் ஒருவருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே சீல் பிரிக்காத சிறு டப்பாவில் ஒரு புது பிஸ்டனும், அது ஏறி இறங்கும் குழாயான லைனரும். பழசு தேய்ந்துவிட்டது, விரைவில் மாற்றுங்கள் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னார். அது போனால் வேறு ஒன்று எங்களுக்குக் கிடைக்க வழியே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டர்னர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓசூரை அடுத்த சானமாவுப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், பெங்களூர்க்காரர்களிடம் கன்னடம். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு வாரம் பக்கி என் வீட்டில், மறு வாரம் அவர் வீட்டில் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டையில் காலியாகக் கிடந்த ஒரு மனையில் பெங்களூரிலிருந்து நாலைந்து பேர் தங்கள் பக்கிகளோடு வருவார்கள். மண் நிரப்பிய சிமெண்டுப் பைகளை வளைத்து வைத்தால் அதுதான் பந்தயப் பாதை. ரிமோட் எப்போதும் என் கையில். அண்ணன் மண்டியிட்டு எஞ்சினைப் பார்ப்பார். நீடில் என்கிற சின்ன திருகைக் கால் சுற்று மூடினால் எரிபொருள் குறையும், எஞ்சின் வேகமெடுக்கும், ஆனால் சூடும் ஏறும். எங்கே நிறுத்துவது என்பதை அவர் காதாலேயே கண்டுபிடிப்பார். எஞ்சினின் தலைப்பாகத்தில் ஒரு சொட்டு எச்சில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் பொரிந்து மறைகிறது என்று பார்ப்பார். நான் ஜெயிப்பேன். கை தட்டல் எனக்கு.

புது லைனரை அவர் தன் வீட்டில் வைத்து, தன் வாரத்தில், தனியாக மாட்டினார். என்னைக் கூப்பிடவில்லை. அங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. அடுத்த வாரம் பக்கி என் கைக்கு வந்தபோது எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் மேலே போகிற இடத்தில் இறுகிப் பிடித்தது. பழைய லைனரில் வழுக்கிக்கொண்டு போகும். புதுசு இப்படியா இருக்கும்?

"என்னாண்ணா, மேல போயி பிடிக்குது?"

"புதுசில்ல தம்பி. ஓட ஓட விட்டுடும்."

அவ்வளவுதான் சொன்னார், வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவர் போல. அதே ஞாயிற்றுக்கிழமை, அதுவரை இரண்டு சுற்றுக்கு மேல் ஓடியே பார்த்திராத ஒரு பெங்களூர்க்காரரின் பக்கி கிழித்துக்கொண்டு பறந்தது. அவர் வந்து அண்ணன் தோளைத் தட்டிக் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. இவர் கைதேர்ந்த டர்னர். பித்தளையில் ஒரு லைனர் கடைவது இவருக்கு இடது கை வேலை. குரோம் பூச்சுக்குப் பக்கத்திலேயே பட்டறை இருக்கிறது. டப்பாவில் வந்த அசல் பெங்களூர்க்காரரின் எஞ்சினில் உட்கார்ந்திருக்கிறது, தான் கடைந்த நகலை என் தலையில் கட்டிவிட்டார். ஒருவரோடு மூன்று வருஷம் ஒரே டேபிளில் டீ குடித்துவிட்டு இப்படியெல்லாம் நினைக்க முடியுமா என்றால், முடியும். எனக்குச் சுலபமாகவே முடிந்தது.

மறுபடியும் என் வாரம் வந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் எஞ்சினைச் சூடேற்றி, லைனரைக் கழற்றினேன். டிபன் பாக்ஸில் தயிர் சாதத்துக்கு மேல் தட்டில் துணி சுற்றி வைத்து, கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்டிக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் அளவறை காலி. போர் கேஜை உள்ளே விட்டேன். கீழே ஒரு அளவு. நடுவில் கொஞ்சம் குறைவு. மேலே முப்பது மைக்ரான் குறைவு. திரும்பத் திரும்ப அளந்தேன். ஒரே மாதிரி முள் நின்றது. எங்கள் கம்பெனியில் ஐந்து மைக்ரான் சரிவு இருந்தாலே பாகம் குப்பைத் தொட்டிக்கு. ஆள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் வெட்கமாக இருக்கிறது.

நேரில் கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவார். முதலில் எஞ்சினைச் சரிசெய்வோம், ஆளைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தேன். கேஜ்களை மெருகேற்றும் வைரப் பேஸ்டில் கொஞ்சம் எடுத்து வந்து, ஒரு மரக் கோலில் தடவி, மூன்று மாலை உட்கார்ந்து லைனரின் மேல்பகுதியைத் தேய்த்தேன். மறுபடியும் டிபன் பாக்ஸ், மறுபடியும் அளவறை. மேல், நடு, கீழ் மூன்றும் ஒரே அளவு. இதற்கு மேல் நேராக எந்த லைனரும் இருக்க முடியாது. மாட்டிச் சுழற்றினேன். வெண்ணெய் போலச் சுற்றியது.

பக்கியை அவரிடம் கொடுத்தபோது அவர் சுழற்றிப் பார்த்துவிட்டு, "விட்டுடுச்சி பாத்தீங்களா, நாந்தான் சொன்னேனே" என்றார். முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. நன்றாக நடிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவர் ஒன்று கேட்டிருந்தார். ஒரே ஒரு பந்தயத்தைத் தன் கையால் ஓட்ட வேண்டும் என்று. ஒன்றரை வருஷம் மண்டியிட்ட மனுஷன் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டபோது எப்படி மறுப்பது? சரி என்றிருந்தேன். அன்று மனைவியையும் மகளையும் கூட்டி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். புறப்படும் முன் நீடிலைத் தானே கால் சுற்று மூடினார்.

ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது. முதல் மூன்று சுற்று, நான் ஓட்டி ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. வளைவில் சிமெண்டுப் பையை உரசாமல் விரலிடை தள்ளித் திருப்பினார். மகள் கத்தினாள். மற்ற எல்லோரும் பின்னால் போய்விட்டார்கள். சூடு ஏறியதும் சத்தம் தளர்ந்தது. ஐந்தாவது சுற்றில், எதிர்ப்பக்கத்து வளைவில் பக்கி நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார். கயிறு எதிர்ப்பே இல்லாமல் வந்தது. எஞ்சினில் அழுத்தம் என்று எதுவும் மிச்சமில்லை. ஆறும் வரை காத்திருந்து இழுத்தால் பிடித்தது. சூடானதும் மறுபடியும் செத்தது. இழுத்து இழுத்து அவர் உள்ளங்கை சிவந்துவிட்டது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

நகல் லைனர் தாங்கவில்லை, பார்த்தாயா என்று அப்போதும் என் மனது சொன்னது.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் நாலைந்து ஜெராக்ஸ் தாள்கள்.

"அந்த பெங்களூர்க்காரர் எஞ்சின்ல பின்பக்கத் தகடு வழியா காத்து ஏறிட்டிருந்துச்சி. சீல் பண்ணிக் குடுத்தேன். அதுக்கப்புறந்தான் அவரு வண்டி ஓடுது. அவருகிட்ட இந்த எஞ்சினுக்கு பொஸ்தகம் இருக்குன்னாரு, கேட்டு வாங்கியாந்தேன். எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது தம்பி. நான் எங்க தப்பு பண்ணேன்னு படிச்சிச் சொல்லுங்க."

வாசித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எரிபொருள் கலவை, காற்று வடிகட்டிக்கு எண்ணெய் தடவுவது, ஓட்டி முடித்ததும் எரிபொருள் டேங்கைக் காலி செய்வது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மூன்றாம் தாளின் நடுவில் கட்டம் கட்டி ஒரு பத்தி இருந்தது. இந்த லைனர் மேல்பக்கம் குறுகலாகவே செய்யப்படுகிறது, சூடேறும்போது மேல்பக்கம் அதிகமாக விரிந்து நேராகும், குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் மேலே இறுகுவதுதான் சரி, எக்காரணம் கொண்டும் தேய்க்கவோ துளையைப் பெரிதாக்கவோ கூடாது.

அந்தக் கட்டத்தை மட்டும் மனதுக்குள் மறுபடியும் படித்தேன். அசல் லைனர்தான் உள்ளே இருந்திருக்கிறது. இவர் மாட்டியது அசல். அதைக் கொன்றது நான், மைக்ரான் சுத்தமாக.

"அதுல என்னா போட்டிருக்கு?" விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார்.

"எஞ்சின் எங்க செஞ்சாங்க, என்ன சைஸ்னு போட்டிருக்குண்ணா" என்றேன்.

அடுத்த பத்திக்குப் போனேன். நீடிலை அதிகமாக மூடி ஓட்டினால் எஞ்சின் சூடேறி லைனரும் பிஸ்டனும் பாழாகும் என்று இருந்தது. அதைப் படித்தேன்.

"பொண்டாட்டி புள்ள பாக்குதுன்னு கால் சுத்து மூடிட்டேன் தம்பி. நாந்தான் கெடுத்துபுட்டேன். உங்களுக்கும் இல்லாம பண்ணிட்டேன்."

தாள்களை ஓரம் தட்டி அடுக்கினேன்.

"அந்த நீடில் வரிய இன்னொரு தபா படிங்க" என்றார்.

படித்தேன்.