கன்றுக்குட்டிக்கு ஊதிய டிரம்பெட்

செர்பியாவில் இருக்கும் எங்கள் ஊர் பிரோட்டில் கடல் கிடையாது. மலை உண்டு, ஆறு உண்டு, மாடும் ஆடும் நிறைய உண்டு. அப்படியிருந்தும் எங்கள் ராக் குழு வாசித்தது அறுபதுகளின் கடற்கரைக் கிட்டார் இசை. அதற்கடியில் கல்யாண வீட்டு வட்ட நடனத் தாளம் ஓடும். மேலே பழைய நடன அரங்கு ஆர்கன். குழுவுக்கு ‘நனைந்த தீக்குச்சி’ என்று பெயர் வைத்தது போர்க்கா. ஆர்கனும் பாட்டும் அவள்தான். பள்ளியில் வேதியியல் நடத்தும் ஓக்னென் கிட்டார். டயர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நான் டிரம்ஸ்.

போர்க்கா கால்நடை மருத்துவர். பெல்கிரேடில் படித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொன்ன கணவனை விட்டுவிட்டு ஊர் திரும்பியவள். மூடப்பட்ட ஹோட்டல் ஒன்றில் குப்பைக்குப் போகவிருந்த ஆர்கனைத் தன் வேனில் தூக்கிவந்தாள். அதற்குள் எலிக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. குட்டிகள் ஓடத் தொடங்கும்வரை இரண்டு வாரம் பொறுத்திருந்து, பிறகுதான் கட்டையில் கை வைத்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இசையைக் கேட்டுக் கேட்டே பழகினாள்.

எங்கள் முதல் இசைத்தட்டு வெளிவந்த ஜூன் மாதச் சனிக்கிழமை, கோட்டைக்குப் பக்கத்தில் மாலை ஏழு மணிக்குக் கச்சேரி. நண்பகலில் வாத்தியங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போர்க்காவின் தொலைபேசி அடித்தது. மலைக் கிராமத்து மிலுட்டின். அவருடைய பசு காலையிலிருந்து கன்று போட முடியாமல் தவிக்கிறதாம்.

இன்றைக்கு வேறு யாரையாவது அனுப்பக்கூடாதா என்று ஓக்னென் கெஞ்சினான்.

“மாடு நம்ம இசைத்தட்டு தேதி பாத்தா கன்னு போடும்? ஏறுப்பா வண்டில” என்றாள் அவள்.

இருந்தது அந்த ஒரு வேன்தான். ஆர்கனும் டிரம்ஸும் பின்னால் குலுங்க, மூன்று பேருமே மலையேறினோம்.

கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. போர்க்கா தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லத் தடவித் தடவி அதை நிமிர்த்தினாள். கயிற்றைப் பிடிக்க ஓக்னெனையும் என்னையும் நிறுத்தினாள். கச்சேரிக்கென்று அவன் தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை பாழானது. கன்று வெளியே வந்தது, மூச்சு வரவில்லை. வைக்கோலை எடுத்து அதன் நெஞ்சைப் பரபரவென்று தேய்த்தாள், மூக்கில் குச்சி விட்டுக் கிண்டினாள். நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம். கன்று ஒரு தும்மல் போட்டது.

மிலுட்டின் அழுதபடி வீட்டுக்குள் ஓடினார். பிளம் சாராயம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். அதுவும் வந்தது, கூடவே டிரம்பெட்டும் வந்தது. அவர் குடும்பத்தில் எந்த உயிர் பிறந்தாலும் ஊதுவார்களாம். கன்றின் முன்னால் நின்று, நீளமாக, கொஞ்சம் அழுகையும் கொஞ்சம் குறும்புமாக ஒரு மெட்டை ஊதினார். கை கழுவிக்கொண்டிருந்த போர்க்கா குழாயை மூட மறந்து கேட்டாள்.

“மிலுட்டின் அண்ணே, இதை இன்னிக்கி எங்ககூட வந்து ஊதுறீங்களா?”

“நான் சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஊதுறவன், டாக்டரம்மா. உங்க கூத்துக்கு ஒத்து வராது.”

“நாங்க வாசிக்கிறதும் பாதி சாவு வீடு, பாதி கல்யாண வீடுதான். செருப்ப மாட்டுங்க.”

அவர் மனைவிதான் முடிவு செய்தாள். “கூட்டிட்டுப் போயிடும்மா. இங்க இருந்தா கன்னுக்கும் ஊத்திக் குடுப்பாரு.”

வேனை ஓட்டிக்கொண்டே போர்க்கா மூன்றாம் பாட்டை முனக, அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலை மட்டும் அசைத்துப் பழகிக்கொண்டார்.

மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. ஒலி சரிபார்க்க நேரமில்லை என்று ஒலியமைப்பாளர் எங்களோடு பேசவே மறுத்துவிட்டார். போர்க்கா தொழுவத்து ரப்பர் பூட்ஸோடு ஆர்கன் முன் உட்கார்ந்தாள். முதல் இரண்டு பாட்டுக்கும் ஊர்க்காரர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். மூன்றாவதில் மிலுட்டின் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கூட்டத்தில் தன் மைத்துனனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். போர்க்கா அதே இடத்தையே நான்கு முறை சுற்றிச் சுற்றி வாசித்தாள். சிரிப்பில் என் குச்சி ஒன்று கை நழுவியது. அப்போதுதான் அவர் டிரம்பெட்டைத் தூக்கினார்.

அந்த ஓசை கிட்டார் அலைமேல் ஏறி உட்கார்ந்தபோது, ஒரு வருடமாக எங்கள் பாட்டில் தேடிக்கொண்டிருந்த குறை என்னவென்று எனக்குப் புரிந்துபோயிற்று. முன்வரிசைப் பெண்கள் கை கோத்து வட்டம் கட்டினார்கள். பாட்டு முடியக் கூடாது என்று அவர்கள் கத்த, அது பதினோரு நிமிடம் ஓடியது. ஆர்கன் பின்னால் போர்க்கா எழுந்து நின்றே வாசித்தாள். அவள் முகம் அன்று இருந்த மாதிரி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது இசைத்தட்டில் நாங்கள் நான்கு பேர். நிஷ் நகர வானொலியில், இந்த இசைக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். “பேரு வைக்கிறது உங்க வேலை. நான் நாளைக்கு நாப்பது ஆட்டுக்கு ஊசி போடணும்” என்றாள் போர்க்கா.

இப்போது வெளிநாட்டுக் கச்சேரிகளும் வருகின்றன. மார்ச் மாதம் மட்டும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அது ஆடுகள் குட்டி போடும் காலம். ஓக்னெனும் நானும் அவளோடு தொழுவம் தொழுவமாகப் போகிறோம். மிலுட்டின் அண்ணன் வருவதில்லை, முதுகு வலியாம்.