மலையைத் திருப்பி ஒட்டியவர்

கண்ணாடியில் ஒட்டிய கல்லின் விளிம்பைக் கீழுதட்டில் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார் சீவலக்கா. "இன்னும் தடிமனாதான் இருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி குனிகிறார். மேசைமேல் சாம்பல் குழம்பாகக் கிடக்கிற அரைப்புப் பொடியில் கை எட்டுப் போட்டுச் சுழல்கிறது. பத்துச் சுற்று, பிறகு உதடு. விரலை நம்ப மாட்டார். "விரல் இருபத்திரண்டு வருஷமா கல்லோட பழகிடுச்சு. அதுக்கு எல்லாமே வழவழப்பா தெரியும். உதடுதான் இன்னும் பொய் சொல்லக் கத்துக்கல."

நிலவியல் துறையின் அடித்தளத்தில் இருக்கிறது அவருடைய அறுப்பறை. ஊருக்கு வடக்கே நிற்கும் மலைத்தொடரிலிருந்து சாக்குச் சாக்காகக் கல் வரும். அதை அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, தலைமுடியில் பாதித் தடிமனுள்ள சீவலாக அரைப்பது அவர் வேலை; பேரும் அதில் வந்ததுதான். அந்த அளவில் கருங்கல்லும் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். பிறகு மேல்மாடியில் பேராசிரியர் அதை நுண்ணோக்கியில் வைத்து, மலை எப்படிப் பிறந்தது என்று படிப்பார். "நேரா பாத்தா இந்த மலை ஒண்ணும் சொல்லாது தம்பி. தோலை உரிச்சு வெளிச்சத்துல பிடிச்சாதான் வாயைத் திறக்கும்." எனக்கு ஐம்பது வயதாகிறது. வரைபட அறையில் நான்தான் மூத்தவன். அவருக்கு நான் தம்பிதான்.

மலைக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. "வண்டி ஒரு வளைவு திரும்பினா என் வயிறு ரெண்டு வளைவு திரும்பும்." ஆனால் மலையைப் பற்றிப் பேசும்போது அடுத்த வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோலச் சொல்வார். "ரெண்டு நிலத்தட்டும் ஒரே வாசல்ல ஒரே நேரத்துல நுழையப் பாத்துச்சு. நீ போ நான் போன்னு விட்டுக் கொடுத்திருந்தா பிரச்சினையே இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. அதுக்குப் பேருதான் மலை." எது எதன்மேல் எந்தப் பக்கமாக ஏறியது என்பதைக் கல்லுக்குள் இருக்கும் சிவப்பு கார்னெட் மணிகள் சொல்லும். பாறை நகரும்போது அவை உருண்டுகொண்டே வளர்ந்ததால் உள்ளே நத்தை ஓடுபோல ஒரு சுருள் விழுந்திருக்கும். சுருள் வலமா இடமா என்று பார்த்தால் பாறை போன திசை தெரிந்துவிடும்.

இந்த மலைத்தொடரில் எந்தக் கல்லை எடுத்தாலும் பாறை கிழக்கே ஏறியதாகத்தான் சொல்லும். போன வருடம் கணவாய்ப் பகுதியிலிருந்து வந்த பதினான்கு கற்கள் மட்டும் மேற்கே என்றன. பேராசிரியர் அறையில் நிலைகொள்ளாமல் நடந்தார். உயர்ந்த மலை தன் கனம் தாங்காமல் வந்த வழியே பின்னுக்குச் சரிந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். பெரிய மாநாட்டில் பேச ஏற்பாடானது. அதற்காக மேற்குப் பார்த்த பதினான்கு சிவப்பு அம்புகளை நான்தான் வரைந்தேன்.

மாநாட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சீவலக்கா வரைபட அறைக்கு வந்தார். அவர் படியேறி வருவதே அபூர்வம். கதவைச் சாத்திவிட்டு, உள்ளங்கை அளவு கல் ஒன்றை என் மேசைமேல் வைத்தார்.

"இதுல சிவப்புப் புள்ளி எங்க இருக்கு, பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "புள்ளியே இல்லையேக்கா."

"அதான் சொல்றேன். இருக்கணும்."

ஒரு கல்லை அறுத்தால் இரண்டு முகம் கிடைக்கும். ஒன்றுக்கொன்று கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல. ஒன்றில் வலமாகச் சுற்றும் சுருள் மற்றதில் இடமாகச் சுற்றும். அதனால் சிவப்புப் புள்ளி வைத்த பாதி அலமாரிக்கும், புள்ளி இல்லாத பாதி கண்ணாடிக்கும் போக வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அன்று காலை அலமாரியில் இடம் ஒதுக்கப் போய்க் கணவாய்ப் பெட்டியைத் திறந்திருக்கிறார். மேலே கிடந்த ஒரு பாதியிலும் புள்ளி இல்லை.

"இதை அறுத்த வாரம் எங்க வீட்டுக்காரர் காலை உடைச்சுக்கிட்டு வீட்டுல கெடந்தாரு, ஞாபகம் இருக்கா? பத்து நிமிஷத்துக்கு ஒரு போனு. சக்கர டப்பா எங்க, ரிமோட்டு எங்க, என் பனியன் எங்க. வீட்டுல முப்பது வருஷமா அதே அலமாரிதான். ஒரு காதுல அவர், ஒரு கையில கல்லு. மாத்தி ஒட்டிட்டேன் தம்பி. மலையையே திருப்பி ஒட்டிட்டேன்."

எனக்குப் பேராசிரியரின் முகம்தான் கண்முன் வந்தது. "யாருக்குக்கா தெரியப்போகுது? பெட்டியை மூடி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

"அடுத்த வருஷம் எவனாவது அங்க போய் ஒரு கல்லை எடுத்துட்டு வந்து அறுப்பான். அப்ப சார் எங்க மூஞ்சியை வெச்சுப்பாரு?" என்று எழுந்துவிட்டார். கதவருகே நின்று, "நீயும் கூட வா. பேச வேண்டாம், சும்மா நில்லு" என்றார்.

போய் நின்றேன். அவர் சொல்லி முடிக்கும்வரை பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பதினாலுமாம்மா?"

சீவலக்கா எல்லாவற்றையும் எண்ணவில்லை. நான்கைந்து கல்லைத் தூக்கிப் பார்த்ததுமே மேலே வந்துவிட்டிருக்கிறார். மூவரும் அடித்தளத்துக்கு இறங்கிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தோம். பதினொன்றில் புள்ளி இல்லை. அடியில் கிடந்த மூன்றில் இருந்தது.

சீவலக்கா அவற்றில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இது எங்க வீட்டுக்காரர் தூங்கி எழுந்து போன் போடறதுக்கு முன்னாடி அறுத்தது."

மூன்றும் கணவாயின் உச்சி விளிம்பிலிருந்து வந்தவை.

அடுத்த மூன்று நாள் அறுப்பறையில் கைப்பேசி அணைந்தே கிடந்தது. அலமாரியில் இருந்த பாதிகளை எடுத்துப் பதினொன்றையும் சரியான முகத்தில் புதிதாகச் சீவினார். சந்தேகத்துக்கு அந்த மூன்றையும் இன்னொரு முறை சீவினார். அவருடைய உதட்டில் தோல் உரிந்திருந்தது. நுண்ணோக்கியடியில் பதினொன்றும் ஒழுங்காகக் கிழக்கே திரும்பின. மூன்று மட்டும் மேற்கேயே நின்றன.

"மலை முழுசா சரியலம்மா. தோள்ல கெடந்த துண்டு மட்டும் நழுவியிருக்கு" என்றார் பேராசிரியர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. மூன்றே நாளில் கைவிட்டுப்போன தன் பெரிய கண்டுபிடிப்பை நினைத்திருப்பார். பேச்சைப் பாதியாக வெட்டினார். நான் பதினொரு அம்புகளை அழித்து எதிர்ப்பக்கம் பார்க்க வரைந்தேன்.

மாநாட்டிலிருந்து திரும்பிய அன்று பேராசிரியர் பயணப் பெட்டியைக்கூட அறையில் வைக்காமல் நேரே அடித்தளத்துக்கு வந்தார். எல்லோரும் அந்த மூன்று கற்களைப் பற்றித்தான் கேட்டார்களாம். யார் சீவியது என்றும் ஒருவர் கேட்டாராம். பின்வரிசையிலிருந்து யாரோ எடுத்து அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் நீட்டினார். இருண்ட அரங்கம், வரிசை வரிசையாகப் பின்தலைகள், எதிரே சுவர் உயரத்துக்குச் சீவலக்காவின் சீவல். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கார்னெட், அதற்குள் நத்தைச் சுருள்.

சீவலக்கா அதை வெகுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கினார். "இங்க ஒரு கீறல் தெரியுதே" என்று முணுமுணுத்துவிட்டு, மேலங்கியின் நுனியால் பேராசிரியரின் கைப்பேசியை அழுத்தித் துடைத்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார்.