கப்டனிடம் கேட்டு எடுத்த கதை

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பிரித்தானியக் கடற்படை அதிகாரி குடியிருந்தார். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், மெத்ரோ ரயில் மேம்பாலத்தில் ஓடுகிற தெருவில், ஒரு அறையும் குசினியுமான வீடு எங்களுடையது. வாடகையில் பங்கு தராவிட்டாலும் சத்தம் போடாத ஆள் என்று அப்பா அவரைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்வார்.

அவரை யாரும் விரும்பி அழைத்து வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த முருகன் படத்துக்கு அம்மா ஒரு நல்ல சட்டம் கேட்டிருந்தார். அப்பா பழைய சாமான் சந்தையில் பேரம் பேசி, தேக்குப் போலத் தெரிந்த ஒன்றை வாங்கிவந்தார். ஆள் உள்ளே இருந்தார். பின்பலகையைக் கழற்றி அவரை எடுத்துவிட்டு முருகனை வைப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் படத்தைக் கண்டதும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. யாரோ செத்துப்போன மனிதர், அதிலும் சீருடைக்காரர், அவரை எறிந்துவிட்டு அந்த இடத்தில் சாமியை வைப்பதா என்று தயங்கினார். முருகன் பிளாஸ்டிக் சட்டத்துக்குப் போனார். அதிகாரி சுவருக்கு வந்தார். நாங்கள் அவரைக் கப்டன் என்று கூப்பிட்டோம்.

செத்தவர்களின் படத்தைத்தான் எங்கள் ஆட்கள் சுவரில் அப்படிப் பெரிதாக மாட்டுவார்கள். அதனால் வருகிறவர்கள் அவரை எங்கள் சொந்தக்காரர் என்றே நினைத்தார்கள். சீருடையைத் தூரத்தில் கண்டதும் ஊர்ச் சண்டையில் செத்தவரோ என்று குரலைத் தாழ்த்துவார்கள். கிட்டப் போய், வெள்ளைக்காரர் என்று தெரிந்த பிறகுதான் தேநீரை வாயில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்குக் காட்டுகிற கற்பூரத்தை அம்மா போகிற போக்கில் கப்டனுக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிடுவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. கப்டனைப் பற்றி எனக்குத் தீராத கேள்விகள் இருந்தன. அவருடைய கைப்பட்டியில் மூன்று பொன்கோடுகள் ஓடின. மேல்கோடு மட்டும் நடுவில் ஒரு வளையம் போட்டுச் சுழன்றது. ஏன் மூன்று, ஏன் வளையம் என்று அப்பாவிடம் கேட்டேன். தையல்காரன் பிழை விட்டிருப்பான் என்றார். படத்தின் பின்னால் போட்ஸ்மத் என்ற பிரித்தானியத் துறைமுக நகரத்துப் புகைப்படக்காரர் ஒருவரின் முத்திரை மட்டும் இருந்தது. உடுப்பைப் பார்த்தால் முதலாம் உலகப்போர்க் காலமாக இருக்கும் என்று பள்ளி ஆசிரியை சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

தெரிந்த ஒரே ஆள் மாமாதான். அவர் அம்மாவின் தம்பி. முந்திய பனிக்காலத்தில் வந்து சேர்ந்து, கப்டனுக்கு நேர் கீழே மடக்குக் கட்டிலில் படுத்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். எந்நேரமும் ஒரு நீல ஸ்வெற்றர் போட்டிருப்பார். அது அவருக்குச் சின்னது. கை முழங்கையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே முடிந்துவிடும். வேறு வாங்கித் தருகிறேன் என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியும் அவர் அதைக் கழற்றவில்லை. தோய்க்கக்கூடக் கொடுக்கமாட்டார்.

மாமாவின் அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது. எப்படி வந்தீர் என்று கேட்டதற்கு, கப்பலில் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாராம். இனி அப்பீல்தான். அதுவும் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். குழாய்ச் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லாரும் வேறு எதையாவது பார்ப்போம்.

அதே மாமா ஞாயிறு மத்தியானங்களில் கப்டனின் கதையை எனக்கு நிறுத்தாமல் சொன்னார். மெத்ரோ போகும்போது படம் சுவரில் ஆடும். "கப்டன் வெளிக்கிட்டார்" என்று தொடங்குவார். மூன்று கோடும் மூன்று கடலாம். வளையம் போட்ட கோடு, போன இடத்துக்கே திரும்பத் திரும்பச் சுற்றிய கடலாம். கப்டன் இளந்தாரியாக வீட்டை விட்டுப் போனபோது அவருடைய தாய் புட்டு அவித்துப் பொதி கட்டிக் கொடுத்தாராம்.

"இங்கிலிஷ்காரர் புட்டுச் சாப்பிடுறவையோ?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போற எல்லாரும் புட்டுத்தான் பிள்ளை."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. கப்டன் ஆபிரிக்கக் கரையில் மாதக்கணக்கில் ஒரு அறைக்குள் அடைபட்டிருந்தார். பிறகு மீன்பெட்டிகளுக்கு நடுவில் தறப்பாள் சீலையின் கீழ் படுத்துப் போனார். ஓட்டிவந்தவர்கள் சின்னப் படகொன்றில் இறங்கித் தப்பிப் போக, கப்பல் விளக்கில்லாமல் மிதந்தது. கப்டன்தானே ஓட்டவேண்டும் என்று நான் குறுக்கிட்டால், அவர் அப்போது சின்னக் கப்டன் என்பார். கப்டனுடன் ஒரு சிநேகிதன் இருந்தான். பகிடிக்காரன். தாகத்தில் எல்லாரும் சுருண்டு கிடந்தபோதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்தான். கதை அந்தச் சிநேகிதனிடம் வந்ததும் மாமா எழும்பிவிடுவார்.

"மிச்சம் பிறகு."

அந்தப் பிறகு வரவேயில்லை. சிநேகிதனுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கெல்லாம் பிழை விட்டேன்.

கேஸ் எழுதித் தருகிற அண்ணை ஒரு ஞாயிறு வந்தார். எங்கள் பக்கத்தில் பலருக்கும் அவர்தான் தமிழில் கேட்டுப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பவர். பொறுமைசாலி. ஆனாலும் மாமாவுக்கு முன்னால் அவருடைய பொறுமையும் களைத்துப்போனது.

"தம்பி, நீர் வாய் திறந்தால்தானே நான் எழுதலாம். இதுதான் கடைசி. உமக்கு விளங்குதோ?"

மாமா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். குசினியில் குழாய் திறந்தது. ஞாயிறு வீணாகப் போகிறதே என்று எனக்கு ஆத்திரம்.

"மாமா, அப்ப கப்டன்ரை மிச்சக் கதையையாவது சொல்லுங்கோ."

"சும்மா இரு" என்றார் அப்பா. ஆனால் மாமா நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பிறகு தொடங்கினார். அண்ணை ஏதோ சொல்ல வாயெடுக்க, அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

கப்டனுக்குக் காய்ச்சல் வந்ததாம். குளிரில் பல்லுக் கிட்டியதாம். சிநேகிதன் தன்னுடைய கம்பளி உடுப்பைக் கழற்றிக் கப்டனுக்குப் போட்டுவிட்டு, எனக்குக் குளிர்றேல்லை மச்சான், நான் கொழுத்தவன் என்றானாம். அவன் ஈர்க்குப் போல ஒல்லியானவன். விடிந்தபோது கப்டனின் தோளில் சாய்ந்திருந்தான். எழுப்ப எழும்பவில்லை. மற்றவர்கள் உதவிக்கு வந்தும் கப்டன் விடாமல், தானே தூக்கிக் கடலில் விட்டாராம்.

அம்மா ஈரக்கையோடு வாசலில் நின்றார்.

"அந்தத் தம்பியின்ரை பேர் என்ன?" என்று அண்ணை மெல்லக் கேட்டார்.

மாமா பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னார். வெள்ளைக்காரனுக்கு எப்படி எங்கள் ஊர்ப் பெயர் வந்தது என்று நான் யோசிக்கவில்லை. புட்டுச் சாப்பிடலாமென்றால் பெயரும் அப்படி இருக்கலாம்தானே. முடிவு தெரிந்துவிட்டது என்ற நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அண்ணை எழுதினார். எழுதி முடித்துப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினார். அந்த அறையில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். கேட்கக் கேட்க எனக்கு முகம் சூடாகியது. மீன்பெட்டி, தறப்பாள், காய்ச்சல் எல்லாம் மாமாவுக்கு நடந்ததாக இருந்தது. கப்டன் எங்குமே இல்லை.

"அது மாமா இல்லை, கப்டன்" என்றேன். "அவரின்ரை கதையைக் களவெடுத்துப் போட்டீங்கள்."

அண்ணை தாள்களை அடுக்கத் தொடங்கினார். மாமாதான் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஓம் பிள்ளை. கப்டனிட்டைக் கேட்டுத்தான் எடுத்தனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"தனக்கு இனித் தேவையில்லையாம்."

விசாரணை நாளில் வெயில் கொளுத்தியது. அந்த வெயிலிலும் மாமா நீல ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு போனார். கோர்ட்டுக்குப் போகிற கோலமா இது என்று அம்மா படியிறங்கும்வரை ஏசினார். கடைசியில் வழக்கு வென்றது.

படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கைபேசியில் எடுத்து, லண்டன் போனபோது கடற்படை அருங்காட்சியகத்தில் காட்டினேன். மூன்று கோடும் வளையமும் என்றால் கமாண்டர், கப்டனுக்கு ஒரு படி கீழே என்றார்கள். ஆளைப் பார்த்து நாங்களாகவே பதவி உயர்த்தியிருக்கிறோம். அக்காலத்தில் இப்படிப்பட்டவர்கள் மீசை முளைக்குமுன்பே கப்பலேறிவிடுவார்களாம். சீனக்கரை, மத்தியதரைக்கடல், எங்கள் திருகோணமலைத் துறைமுகம் என்று மாறி மாறிப் போவார்களாம். போர் வந்தபோது வடகடலின் குளிரில் நின்றிருப்பார் என்றார்கள். பெயர் இல்லாமல் அதற்கு மேல் தேடமுடியாது. அவருக்கும் ஒரு சிநேகிதன் இருந்தானா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது.

மாமாவுக்கு அகதிக் கார்ட் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. லட்டு வாங்கிவந்து முதல் லட்டைக் கப்டனின் சட்டத்துக்கு மேலே வைத்தார். பிறகு குளியலறைக் கதவைத் திறந்தபடியே விட்டு, நீல ஸ்வெற்றரைக் கழற்றி வாளித் தண்ணீரில் தன் கையாலேயே தோய்த்தார். பிழியவில்லை. இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி, தண்ணீர் வடியும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவரைப் பார்த்து அழுதார். அவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நான் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பாவம் கப்டன், இனி அவருக்கென்று ஒரு கதையும் இல்லையே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.