தலைத்துணிக்குள் ரொட்டி

அந்த இத்தாலிய இயக்குநரின் பெயரைச் சொன்னாலே எழுந்து நின்று கைதட்டுகிறவர்கள்கூட இந்த ஒரு படத்துக்கு மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். நடுவில் இழுவை, முடிவு அரைகுறை என்பார்கள். இழுவைதான், யார் இல்லை என்றது? ஆனால் நான் அதை மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், சிரம்பானில், என் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

அப்போது எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, பால்வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. விடியற்காலையில் கேட்டில் ஒரு பெண் எங்களைத் தடவிச் சோதிப்பாள். அத்தான் காட்டுக்குள் போயிருந்தார். தலைத்துண்டின் மடிப்பில் அக்கா ஒரு பிடி அரிசியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போவது எனக்கு மட்டும் தெரியும். சொல்லிப் பார்த்தேன், திட்டினேன், அழுதேன். கேட்டால்தானே!

ஒரு ஞாயிறு மத்தியானம் தோட்ட லோரியில் தமிழ்ப்படம் பார்க்கப் போனோம். படப்பெட்டி வரவில்லையென்று இதைப் போட்டுவிட்டார்கள். பேச்சு ஒன்றும் புரியாமல் எல்லாரும் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு திரையில் ஒருத்தி ரொட்டியைத் தலைத்துணிக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு, சிப்பாய்கள் நின்ற பாலத்தை நோக்கி நடந்தாள். நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். கேலி பேசியவர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ரொட்டி காட்டுக்குத்தான் போகிறது என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அந்தப் படத்தில் காடே கிடையாது என்பது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது.

"போயிரு லா, திரும்பிப் பாக்காத," என்று பின்னாலிருந்து ஒருவர் மெல்லச் சொன்னார்.

சிப்பாய் தலைத்துணியை இழுத்தான். ரொட்டி விழுந்தது. அவன் ஏதோ கேட்டான், அவள் பேசாமல் நின்றாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

"நல்ல படம்டி," என்றாள் அக்கா. "கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல பாரு."

விளக்குப் போட்டதும்தான் பார்த்தேன். கேட்டில் எங்களைச் சோதிக்கிற அதே பெண் முன்வரிசையில் இருந்தாள். வாசலுக்குப் போகாமல் திரும்பி நின்று, எங்கள் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மட்டும் வேண்டாம் என்று லோரியில் வழியெல்லாம் அக்காவைக் கெஞ்சினேன். அவர் பசியோடு இருப்பார் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அந்தப் பெண் முதன்முறையாகத் தலைத்துண்டுகளை அவிழ்க்கச் சொன்னாள். அரிசி செம்மண்ணில் கொட்டியது. யாருக்கு என்று கேட்டிலேயே கேட்டார்கள், மந்தின் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள், சிரம்பானுக்குக் கொண்டுபோயும் கேட்டார்கள்.

அந்தப் படத்தின்மேல் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நடை நீளம் என்கிறவர்கள்மேல்தான் வருகிறது. அக்கா கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.