கோத்தகிரிக்கு ஒரு டேபிள் ஃபேன்

மடியில் டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு மலையேறிய மனிதர் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே அட்டைப்பெட்டி ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. வான நீல நிற அடிப்பாகமும் கம்பிக்கூண்டில் கொஞ்சமும் வெளியே தெரிந்தன. பெட்டியை மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம், "வாணாம்பா, அடி பட்டுப்பூடும்" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் அது. தாம்பரத்தில் அக்காவின் கல்யாணத்தை முடித்து, அவளைக் கோத்தகிரியில் புகுந்த வீட்டில் விட்டுவர நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்க, மேல காத்து தீந்துபோச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கேலி தன்னைத்தான் என்பது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முன்சீட்டில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் புரிந்திருக்கும். கோத்தகிரி வரும்வரை அவள் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

அப்பாவுக்கு ஃபேன் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் எங்கள் நிலம் மனைகளாகப் போய், கேம்ப் ரோட்டில் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்ட பிறகு, வீட்டுக்கு வந்த முதல் பொருள் ஒரு டேபிள் ஃபேன். அதுவரை சித்திரை வைகாசியில் தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் படுத்தவர் அவர். வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பார். வந்தவர் கடை வாடகையைத் தள்ளிப்போட வந்தவராக இருந்தாலும் அப்படித்தான். அவருக்குத் தெரிந்த மரியாதை அது. எங்களுக்கு வியர்த்துக் கொட்டினாலும் வந்தவர் கிளம்பும்வரை ஃபேன் எங்கள் பக்கம் திரும்பாது. அப்படிப்பட்டவர் பெண்ணை ஃபேன் இல்லாமல் அனுப்புவாரா? சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டக் கொடுத்தபோது ஃபேனையும் தூக்கிக்கொண்டு போனார். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் முதலில் முடியாது என்றாராம். அப்பா விடவில்லை. இரும்பு அடித்தட்டைக் கவிழ்த்து, 'சேலையூர்' என்று வெட்டி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம், எங்கள் கடை வாடகைதாரர் வீட்டு டெலிபோனுக்குச் சம்பந்தி பேசினார். அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நிதானமாகச் சொல்கிறவர். "வர்ற வாரம் பூரா மலைப்பக்கம் உறைபனி இருக்கும்னு ரேடியோவுல சொல்லீட்டிருக்காங்க. எல்லாரும் கம்பளி எடுத்துட்டு வாங்க" என்றார். போனை வைத்துவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "மார்கழி மாசத்துல விடியக்காலம் ஏரிக்கரையில வெறும் துண்டோட நின்னவன் நானு. எனக்குப் போயி பனி சொல்றாரு." தாம்பரத்துக்காரர்களுக்குப் பனி என்றால் அவ்வளவுதான். விடியற்காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி விளக்கு மங்கலாகத் தெரியும், காதில் ஒரு மஃப்ளர் சுற்றிக்கொள்வோம், எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எனக்கும் அதற்குமேல் தெரியாது. நாங்கள் ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துப்போகவில்லை.

கோத்தகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அம்மாவின் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. சம்பந்தி வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. நடுக் கூடத்தில் இரும்புச் சட்டியில் கரி கனன்றது. அதைச் சுற்றிச் சால்வையும் குல்லாயுமாகப் பத்துப் பதினைந்து பேர். பாயை விரித்துச் சீரையெல்லாம் பரப்பினோம். பாத்திரங்களை எடுத்துப் பார்த்தார்கள், நல்ல கனம் என்றார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் அப்பா ஃபேனை வெளியே எடுத்தார். அதை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்திருந்தால்கூடப் போதும். ஆனால் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மரியாதை செய்ய வேண்டுமே. பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டு, செருகி, ஃபேனை அந்தக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, முழு வேகத்தில் போட்டார்.

கரிச்சட்டியிலிருந்து சாம்பல் எழும்பி எல்லார் முகத்திலும் அடித்தது. ஒரு பாட்டி சால்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார். யாரோ தும்மினார்கள். ஒரு குழந்தை அழுதது. "சம்பந்தி நம்மளையெல்லாம் ஐஸ் கட்டியாக்காம விடமாட்டாரு போல" என்று ஒருவர் சொன்னதும் வீடே வெடித்துச் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு இல்லை அது. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் கோபப்பட்டாவது மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அப்பா குனிந்து ஃபேனை நிறுத்தினார். நிமிர்ந்தபோதுதான் அவர் உடம்பு நடுங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். சம்பந்தி எழுந்து வந்து, தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டுவிட்டார். கை நீளமாக இருந்தது, விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. பெண்ணுக்குச் சீர் கொண்டுவந்த மனிதர், இரண்டு நாளும் சம்பந்தியின் ஸ்வெட்டருக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டதை அவர் பார்த்திருப்பாரோ என்ற கூச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது. காலையில் வாசல் புல்லெல்லாம் உப்பு கொட்டினதுபோல வெளுத்துக் கிடந்தது. அப்பா தனியாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாநிலச் செய்தி முடிந்து வானிலை சொல்லும்போது ரேடியோவின் பக்கத்தில் போய் நிற்பார். சென்னை வானிலை சொன்னால் காதில் வாங்கமாட்டார். மலைப்பகுதி வரும்வரை காத்திருப்பார். "ராத்திரிக்கு உறைபனியாம். கொழந்த இன்னா பண்ணுதோ" என்பார். குழந்தை என்றது அக்காவை. ஆனால் அதே ரேடியோவைத்தான் அங்கே போகாமலிருப்பதற்கும் சாக்காக வைத்துக்கொண்டார். தையில் கூப்பிட்டால் பனி, ஆடியில் கூப்பிட்டால் மழை. கோடையில் கூப்பிட்டால், "இங்க கடைக்கு ஓடு மாத்தணும்மா." அக்காவின் இரண்டு பிரசவமும் தாம்பரத்தில் நடந்தன. பேரப்பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு செம்பாக்கம் ஏரிவரை நடப்பார். அவர்களைக் கொண்டுவிட மட்டும் அம்மாவையும் என்னையும் அனுப்புவார். அந்தக் கூடத்தில் மறுபடி போய் நிற்க அவருக்கு முகமில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

போனில் பேசும்போதெல்லாம் ஒன்றுமட்டும் தவறாமல் கேட்பார். "ஃபேன் ஓடுதாம்மா?" அக்காவும் தவறாமல், "ஓடுதுப்பா" என்பாள்.

ஃபேன் அங்கே இல்லவே இல்லை. கல்யாணமாகிப் போன முதல் மாதமே மேட்டுப்பாளையத்தில் இருந்த தன் நாத்தனாருக்கு அதைக் கொடுத்துவிட்டாள். கீழே அங்கே நல்ல வெயில், அவர்களுக்குத் தேவையும் இருந்தது. ஆனால் காரணம் அது இல்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் அந்த ஃபேனைப் பார்த்து, "சேலையூர்க் காத்து எப்படி அடிக்குது?" என்று கேட்டார்களாம். இதை என்னிடம் சொன்னபோது அக்கா அழுதாள். "அப்பாவ கேலி பண்றாங்களேன்னு இல்லடி. எனக்கு அவமானமா இருந்துச்சு. அதான்" என்றாள். பஸ்ஸில் நானும் பெட்டியைப் பார்க்காததுபோலத்தானே உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா வீட்டுக்காரர் கோத்தகிரியிலேயே சொந்தமாக வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அப்பா வழக்கம்போல ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார் என்று நினைத்தோம். அந்த வாரமும் கடும் உறைபனி என்று டி.வி.யில் சொன்னார்கள். ஆனால் அப்பா சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய், குளிர்காலத்தில் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்க வருகிறவர்களிடம் எங்கள் எல்லாருக்கும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் வாங்கிக்கொண்டு வந்தார். தனக்கு ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர், கை சரியாக இருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை பார்த்தார். "பொண்ணு வூடு கட்டிக்கீது. போவாம இருக்க முடியுமா" என்றார்.

அன்றைக்கே அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அப்போது நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "ஃபேன் எங்கன்னு கேப்பாருடி. நான் இன்னா சொல்லுவேன்?" நாத்தனாரிடம் திருப்பிக் கேட்கவும் முடியாது. அதே கம்பெனி, அதே நீல நிறத்துக்காகத் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிவரை கடைகடையாகத் தேடினேன். ஒத்தாசைக்கு என்று சொல்லி மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பி, ஃபேனோடு மலையேறினேன். இந்த முறை பெட்டியைச் சாக்குப்பையில் கட்டிக் காலடியில் மறைத்து வைத்திருந்தேன். அங்கே போனதும் நானும் அக்காவும் உட்கார்ந்து பளபளப்புப் போவதற்காக அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். இரண்டு பெண்கள், ஒரு புது ஃபேனைப் பழசாக்க அரைநாள் பாடுபட்டோம். பழைய ஃபேனின் அடியில் ஊர்ப்பெயர் வெட்டியிருந்தது மட்டும் எங்கள் இருவருக்கும் மறந்தேபோனது.

அப்பா வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். மூலையில் ஃபேனைக் கண்டதும் நேராகப் போய்க் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். அடித்தட்டுக்குக் கீழே அவர் கட்டைவிரல் இப்படியும் அப்படியும் தடவியது. அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அப்பா ஃபேனை மெதுவாகக் கீழே வைத்தார். எங்களைப் பார்க்கவில்லை. "நல்லா வச்சிக்கீற" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்போம். சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் வெள்ளை மனசோடு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க மாமா, நீங்க குடுத்த ஃபேனு இன்னமும் எங்க வீட்டுலதான் ஓடுதுங்க. ஒரு ரிப்பேரு இல்லீங்க." பந்தி நின்றுபோனது. சம்பந்தியின் கண் மூலையில் இருந்த நீல ஃபேனுக்குப் போய், அங்கிருந்து அக்காவுக்கு வந்தது. புது வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைக்குத் தாய், பரிமாறுகிற கரண்டியோடு திருடிபோல நின்றாள். எனக்கு இலையிலிருந்து தலையைத் தூக்கவே முடியவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அப்பா சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமாம்மா. ரெண்டு குடுத்தேன் இல்ல" என்றார். "ஒண்ணு இங்க, ஒண்ணு உங்களுக்குன்னு. அப்பால அனுப்புனேன், அதான் யாருக்கும் ஞாபகம் இல்ல." பிறகு சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் குளுருக்கு ரெண்டு ஃபேன் குடுத்தவன் நான் ஒருத்தன்தான்." எல்லாரும் சிரித்தார்கள். முன்பு புரியாமல் சிரித்த மனிதர், இந்த முறை தெரிந்தே தன்னைச் சிரிப்புக்குக் கொடுத்தார். அக்கா அவர் இலையில் பொரியலை வைத்தாள், பாதி இலைக்கு வெளியே விழுந்தது.

மறுநாள் காலை கிளம்பும் அவசரத்தில் அப்பாவின் ஸ்வெட்டர் மடியில் நீலத் துகள் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டேன். "புது வூடு, பெயிண்ட் உதிருது" என்றார். சுவர்களுக்கு மஞ்சள்தான் அடித்திருந்தார்கள். அதை அப்போது நான் யோசிக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு போனில் ஃபேனைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. நாங்களும் பேசவில்லை. ரேடியோ முன்னால் நிற்பது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை.

இப்போது கோத்தகிரியிலும் ஏப்ரலில் புழுங்குகிறது. அப்பா காலமாகிச் சில வருடங்கள் கழித்து நான் அங்கே போயிருந்தபோது, யாராவது வந்தால் அக்கா ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பதைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் சத்தம் வருகிறதென்று எண்ணெய் விடுவதற்காக அதைக் கவிழ்த்தோம். அடித்தட்டில் ஆணியால் கீறிய எழுத்துகள், அப்பாவின் கோணல் கையெழுத்தில். நீல நிறம் உதிர்ந்து உள்ளிருந்த இரும்பு தெரிந்தது. 'சேலையூர்' என்று எழுதியிருந்தார். யாராவது எடுத்துப் பார்த்தாலும் மகளுக்காகப் பந்தியில் தான் சொன்னது பொய்யாகிவிடக்கூடாது என்று, பக்கத்தில் '2' என்றும் போட்டிருந்தார்.